பக்தி கூலியாகுமா?

தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பழைய மாதா கோயிலைப் புதுப்பிக்கச் சபையார் தீர்மானித்தவுடன், அதுவரை எவர் நினைவிலும் இல்லாத ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர்தாம் தொழிலை விட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழக் கொத்தனார். "கடவுள் காரியம்" என்று சொல்லி அவரைச் சாரத்தின்மேல் ஏற்றுகிறார்கள். வேலை முடிந்தபின் அவருக்கு ஒரு சால்வை. கல்வெட்டிலோ பணம் கொடுத்தவர்களின் பெயர். இதைத் தொண்டென்று புகழ நம்மால் இயலாது.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தினால் எழுந்தது. அது ஈரத்தை உறிஞ்சினாலும் மீண்டும் வெளியே விட்டுவிடும். 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டை அதன்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்புப் பூக்கும், செங்கல் பொடியாய் உதிரும். இதை அறியாத குத்தகைக்காரர் கோயிலைக் காக்க வந்து கெடுத்துவிட்டுப் போகிறார். தடுக்கும் அறிவு அக்கிழவர் கையில் இருக்கிறது.

அவ்வறிவின் பெருமையைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1862இல் அர்ப்பணம் செய்யப்பெற்ற சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். முட்டை வெண்கருவையும் வெல்லத்தையும் அடித்துச் சுண்ணாம்போடு சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, சுவரைப் பளபளக்கச் செய்தார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். கட்டடத்துக்குப் படம் வரைந்த மாக்பர்சன் பெயரை இன்றும் ஒரு சாலை சொல்லுகிறது. சாந்து பூசிய கைகளின் பெயரை எந்தச் சாலை சொல்லுகிறது?

"அவரே மனமுவந்து செய்கிறார், கூலி பேசுவது பக்திக்கு இழுக்கு" என்பார் சிலர். நன்று! சிமெண்டு வியாபாரியிடமும் மரவாடிக்காரரிடமும் இப்பக்தியை எடுத்துரைத்ததுண்டா? அவர்கள் சீட்டு நீட்டியதும் பணம் எண்ணிக் கொடுத்தவர்கள், முதுகு வளைந்த தொழிலாளியிடம் மட்டும் மோட்சத்தைக் காட்டுவது நியாயமாகுமா? அவர் மனமுவந்து கொடுப்பது அவருடைய பெருமை. கொடாமல் வாங்குவது சபையாரின் சிறுமை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, அவருக்கு உரிய கூலி. இரண்டாவது, ஜாதி கேளாமல் வாலிபர் இருவரைச் சம்பளத்துடன் அவர் பக்கத்தில் நிறுத்தித் தொழில் பழக்குதல். மூன்றாவது, பணம் கொடுத்தவர் பெயருக்குச் சமமாக அவர் பெயரையும் கல்லில் பொறித்தல். இவற்றுள் எதற்கும் வேத விரோதமில்லை.

கிழவர் கண் மூடியபின் அடுத்த மழையில் சுவர் கசியுமானால் எவரை அழைப்பது? சபையார் இன்றே யோசிக்கட்டும்.