‘போதாது’ என்பதும் விடைதான்

★ என்ற குறி கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்கில் ஏதோ ஒன்றைக் குறிக்கிறது. 6 ★ 2 எவ்வளவு என்று சொல்ல முடியுமா? முதல் தகவல்: 2 ★ 2 = 4. இரண்டாம் தகவல்: 3 ★ 1 = 3.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ‘டேட்டா சஃபிஷியன்சி’ என்று சொல்லும் கணக்கு இது. கையிலுள்ள தகவல் விடை சொல்லப் போதுமா என்பதே கேள்வி. பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் ஊர் நூலகத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

முதல் தகவலுக்குக் கூட்டலும் பொருந்தும், பெருக்கலும் பொருந்தும். விடை 8 ஆகலாம், 12 ஆகலாம், போதாது. இரண்டாவதற்குப் பெருக்கல், வகுத்தல் இரண்டும் பொருந்தும். 12 அல்லது 3, அதுவும் போதாது. சேர்த்துப் பார்த்தால் பெருக்கல் மட்டுமே நிற்கிறது. விடை 12.

பயிற்சிப் புத்தகம் இங்கே முடித்துவிடும். நான் தகவல்களை அப்படியே விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் மாற்றுவேன். 6 ★ 2 என்பது 7-ஐவிடப் பெரியதா? இப்போது முதல் தகவலே போதும். 8, 12 இரண்டுமே பெரியவை. சரி, 0 ★ 5 எவ்வளவு? இதற்கு இரண்டாம் தகவல் மட்டும் போதும். சுழியை 5-ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் சுழிதான். “குறி என்னன்னே தெரியாம எப்படி சார் விடை சொல்றது?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் வரை காத்திருப்பேன். குறி இன்னதென்று தெரியாமலே கேட்டதற்கு உறுதியான பதில் கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்ள வேண்டும்.

இதைவிடக் கடினமான பழக்கம் ஒன்று உண்டு. இரண்டாம் தகவலை எடைபோடும்போது முதல் தகவலை மறந்துவிட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட அதை மனத்தில் சுமந்துகொண்டே வருவார்கள். அந்த வரியைக் கரும்பலகையில் அழித்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்பேன்.

புதுக்குறிக் கணக்கில் மனப்பாடம் உதவாது. தேவையான விதி கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவரும் பெரிய பள்ளியில் படித்தவரும் ஒரே கோட்டில் நிற்கும் இடம் இது. ஆனால் அங்கே நிற்கும் வாய்ப்பு எப்போது வருகிறது? பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுத்தவர்கள் ஈருறுப்புச் செயலி என்ற பாடத்தில் புதுக்குறிகளைப் பார்க்கிறார்கள். தகவல் போதுமா என்ற கேள்வியைப் பெரும்பாலோர் பயிற்சி மையத்தில்தான் முதன்முதலில் சந்திக்கிறார்கள், அதுவும் பணம் கட்டி. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளுக்கான பாடத்திட்டத்தில் இந்த வகைக் கணக்கு இருக்கிறது. தரம் பத்தாம் வகுப்பு என்றும் எழுதியிருக்கிறது. அந்தத் தாளில் 33 விழுக்காடு எடுக்காதவருக்கு முதல் தாளின் மதிப்பெண் உதவாது. பத்தாம் வகுப்புத் தரம் என்றால் அதைப் பத்தாம் வகுப்பிலேயே பழக்க வேண்டாமா?

நம் பாடநூல் கணக்குகள் பெரும்பாலும் தேவையான எண்களை மட்டும் அளந்து கொடுக்கின்றன. கொடுத்த எண்களையெல்லாம் எப்படியாவது பயன்படுத்திவிட வேண்டும் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் இரண்டு கணக்குகள் சேர்த்தால் போதும். ஒன்றில் வட்டிவீதமும் காலமும் இருக்கட்டும், அசல் இருக்க வேண்டாம். இன்னொன்றில் மூன்றையும் கொடுத்து, கடன் வாங்கியவரின் வயதையும் சேர்க்கட்டும். முதல் கணக்குக்கு ‘தகவல் போதாது’ என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். பாடநூல் மாறும்வரை காத்திருக்காமல், வகுப்புத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் இந்தப் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.