ஓடுகிற மெஷினை ஏன் எறியவேண்டும்?

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்க ஏகபோகக் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டுமாம். பழைய மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அதாவது, நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை மூலையில் போட்டுவிட்டு, கடன்பட்டாவது புதிது வாங்கு என்கிறார்கள்! மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் பிள்ளையின் படிப்புக்காக வயிற்றைக் கட்டி வாங்கிய மெஷின் அது. இது என்ன நியாயம்?

தோழர்களே, வழி இருக்கிறது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாட்டினரும் கூடி வளர்த்தது லினக்ஸ். பெரிய கம்பெனிகளும் தங்கள் லாபத்துக்காக இதில் ஆள் வைத்து வேலை செய்கின்றன என்பது உண்மையே. ஆனாலும் எவரும் நகலெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையை அவர்களால் பறிக்க முடியாது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இதில்தான் பயில்கிறார்கள்.

"ஏற்றினேன், தகராறு செய்கிறது" என்று சிலர் கைவிடுகிறார்கள். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கா போகிறோம்? முடிச்சுப் போட்டு ஓட்டுகிறோம் அல்லவா?

வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. புதியவர்கள் ஆர்ச், ஜென்டூ பக்கம் போகவேண்டாம். லினக்ஸ் மின்ட் போதும். பழைய மெஷினுக்கு அதில் எக்ஸ்.எப்.சி.இ. என்ற இலேசான வகை ஏற்றது. 2 ஜி.பி. ராம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் சௌகரியம்.

முதல் வேலை, பாடங்களையும் போட்டோக்களையும் வேறிடத்தில் நகலெடுப்பது. டிஸ்கை அழித்தபின் அழுது பயனில்லை. பிறகு பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கிளம்பவில்லையானால், இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று சரிபாருங்கள். பயாஸில் பென் டிரைவை முதலிடத்தில் வையுங்கள். செக்யூர் பூட் தடுத்தால் அணையுங்கள். திரை கறுத்து நின்றால், தொடக்கப் பட்டியலில் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். வை-பை வரவில்லையா? கைபேசியைக் கம்பியில் இணைத்து நெட் எடுத்து, டிரைவர் மேனேஜரில் தேவையான டிரைவரை ஏற்றுங்கள்.

இத்தனையும் ஒருவர் தனியே செய்தால் மலைப்புத்தான். ஆகவே ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு பென் டிரைவும், விஷயம் தெரிந்த ஓர் இளைஞரும் இருக்கட்டும். வார விடுமுறையில் பழைய மெஷின்களைக் கொண்டுவாருங்கள். ஒருவர் கற்றதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுங்கள். கடன்காரன் வாசலுக்குப் போகாமல் நம் பிள்ளைகள் படிக்கட்டும்!