மெழுகுவர்த்தி ஜோசியம்

கைபேசியில் ஒரு படம். பச்சையும் சிவப்புமாகக் குட்டிக் குட்டி மெழுகுவர்த்திகள். அதைக் காட்டி, "டாலர் நாளை ஏறும்" என்கிறார் ஒருவர். வித்தையைக் கற்றுத் தரக் கட்டணமும் கேட்கிறார். கட்டுவதற்கும் ஆள் இருக்கிறது. இந்த வித்தையில் எவ்வளவு சரக்கு உண்டு என்று பார்ப்போம்.

படத்தைப் படிப்பது கடினமல்ல. ஒரு வர்த்தி, ஒரு நாளின் கணக்கு. அன்று விலை தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே இருப்பது தடித்த உடல். மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள், இடையில் விலை தொட்டு வந்த உச்சமும் தாழ்வும். ஏறி முடிந்தால் பச்சை. இறங்கி முடிந்தால் சிவப்பு. நான்கு எண்களை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை.

இது ஜப்பானியர் கண்ட வழி. 18-ம் நூற்றாண்டில் ஸகாடா நகரத்து அரிசி வியாபாரி ஹோம்மா முனேஹிஸா இதை உண்டாக்கினார் என்பது கர்ணபரம்பரை. அன்று அரிசிக்குப் பெரிய சந்தை ஒஸாகாவின் டோஜிமா. அங்கே ஒரு திரியைக் கொளுத்தி வைப்பார்கள். திரி அணையும்போது நிற்கும் விலையே அன்றைய முடிவு விலை. அப்புறமும் கலையாமல் பேரம் பேசுகிறவர்கள் மேல் தண்ணீரை வாரி இறைப்பார்களாம்!

நாணயச் சந்தைக்கு அப்படி ஒரு திரி கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை அது தூங்குவதே இல்லை. நாள் எப்போது முடிகிறது என்பதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் மாலை 5 மணி என்று பலர் வைத்திருக்கிறார்கள். லண்டன் நள்ளிரவு என்று வைத்தால் அதே நாளின் வர்த்தி வேறு உருவம் எடுக்கும். பெயர் சூட்டுவதிலும் ஒரு வேடிக்கை. சின்ன உடல், கீழே நீண்ட கோடு. விலை இறங்கி வந்தபின் இது தோன்றினால் 'சுத்தியல்', இனி ஏறுமாம். ஏறி வந்தபின் இதே உருவம் தோன்றினால் 'தூக்கில் தொங்கும் மனிதன்', இனி இறங்குமாம்!

படம் எங்கே கைவிடும் என்பதற்கு ஸ்விட்ஸர்லாந்தே சாட்சி. ஒரு யூரோவை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று அந்நாட்டு மத்திய வங்கி 2011 செப்டம்பரில் அறிவித்தது. மூன்று ஆண்டுக்கு மேல் அந்த வேலி நின்றது. 2015 ஜனவரி தொடக்கத்தில் வர்த்திகள் 1.20-க்குச் சற்று மேலே எறும்பு வரிசை போல் அடங்கிக் கிடந்தன. 15-ந் தேதி காலை 10.30 மணிக்கு, வேலியை எடுத்துவிட்டோம் என்றது வங்கி. சில நிமிஷங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பனைமரம்! முதல் நாள் வர்த்தியில் அதற்கு அடையாளம் ஏது? முடிவு வங்கியின் அறைக்குள் அல்லவா இருந்தது? மூன்று நாள் முன்புகூட வேலி நிலைக்க வேண்டும் என்றுதான் வங்கியின் துணைத் தலைவரே பேசியிருந்தார்.

கையில் ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு நூறு ரூபாய்க்குக் கட்டினால், விலை ஒரு சதவிகிதம் எதிர்த்துப் போனாலே கைமுதல் காலி. முதலை இழந்ததோடு தரகருக்குக் கடன்பட்டு நின்றவர்களும் அன்று உண்டு. அல்பாரி என்ற தரகு நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையே திவாலாயிற்று. இப்படிப் பெருக்கிக் கட்டும் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவிகிதம் வரை நஷ்டத்தில் முடிகின்றன என்று ஐரோப்பியக் கண்காணிப்பு ஆணையம் 2018-ல் கணக்குச் சொன்னது.

வகுப்பு நடத்துகிறவரிடம் அவருடைய சொந்தக் கணக்கின் லாப நஷ்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கைகாட்டும் இணையத் தளம் எது என்றும் பாருங்கள். அனுமதி பெறாத தளங்களில் அன்னியச் செலாவணி வியாபாரம் செய்தால், செய்தவர் மேலேயே 1999-ம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கை வரும். 2022 முதல் ரிஸர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அந்தத் தளம் அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. அதையும் ரிஸர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.