ஆனர்ஸ் என்றால் கூடுதல் சுமையா?

கல்லூரியில் ஆனர்ஸ் திட்டம் தொடங்கலாம் என்று பேச்செடுத்தால் ஆசிரியர் அறையில் நான்கு ஆட்சேபங்கள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் ஆட்சேபம்: 'கெட்டிக்காரப் பிள்ளை தானாகவே படித்துக்கொள்ளும், தனித்திட்டம் எதற்கு?'

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரைவிடக் கெட்டிக்கார மாணவர் யார்? அணுவியல் பற்றி ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு எழுதிய நூலை அவர் தானாகவே படித்துத் தேர்ந்திருந்தார். 1928இல் சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தபோது நேரில் போய்ச் சந்தித்தார். அந்த நூல் வந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். அச்சேறாதிருந்த தம் புதிய கட்டுரையின் மெய்ப்புப்படியையும் சோமர்ஃபெல்டு கொடுத்தார். மறு ஆண்டே மாணவரின் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. படிக்கும் திறன் அவரிடம் முன்பே இருந்தது. எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள் தற்செயலாக வந்து சேர்வார் என்று எல்லா மாணவரும் காத்திருக்க முடியாது. அவரை ஏற்பாடு செய்து தருவதுதான் ஆனர்ஸ் திட்டத்தின் வேலை.

இரண்டாவது: 'ஏற்கெனவே பாடம் முடியவில்லை; இதில் இன்னும் நான்கு தாளா?'

நான்கு தாளைச் சேர்த்துவிட்டு ஆனர்ஸ் என்று பெயர் வைத்தால் இந்தக் கோபம் நியாயம். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922இல் ஃபிராங்க் அய்டெலோட் தொடங்கிய திட்டம் இதற்கு நேர்மாறானது. ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பியவர் அவர். கடைசி இரண்டு ஆண்டுகளில் வழக்கமான வகுப்புகளின் இடத்தில் செமினார்களை வைத்தார். ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடுவார்கள்; மாணவர் எழுதிவந்த கட்டுரையை எல்லோரும் அலசுவார்கள். முடிவில் தேர்வு வைப்பவர் வேறு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். எழுத்துத் தேர்வும் உண்டு, வைவாவும் உண்டு. மதிப்பெண் போடுபவர் வெளியாள் என்பதால், பாடம் நடத்துபவர் மாணவரின் பக்கம் நின்று உழைக்க முடிகிறது.

மூன்றாவது: 'இதெல்லாம் பணக்காரக் கல்லூரிகளுக்கு.'

அமெரிக்காவில் 1966இல் உருவான தேசிய ஆனர்ஸ் மன்றத்தில் ஈராண்டு சமுதாயக் கல்லூரிகளும் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைந்த கல்லூரிகள் அவை. அந்த மன்றம் வளர்த்தெடுத்த முறை ஒன்றில் நகரமே பாடநூல்: மாணவர்கள் ஒரு தெருவில் நடந்து, கவனித்து, அங்கிருப்பவர்களிடம் பேசி, கண்டதை எழுதிவந்து விவாதிக்கிறார்கள். இதற்கு ஆய்வுக்கூடமோ கட்டடமோ வேண்டாம். ஆசிரியரின் நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவருடைய பணிநேரக் கணக்கில் சேர்க்காமல், 'ஆர்வமுள்ளவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டால் திட்டம் படுத்துவிடும்.

நான்காவது: 'இது மேட்டுக்குடித்தனம்.'

இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். நுழைவாயிலில் மதிப்பெண்ணை மட்டும் நிறுத்தினால் இது உண்மையாகிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பு, ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்கு முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு கேட்கிறது. முதல் பருவத்தில் ஆங்கிலவழிப் பாடத்தோடு மல்லாடி, நான்காம் பருவத்தில் நிமிர்ந்து நின்ற மாணவியை இந்தக் கணக்கு கவனிக்காது. கல்லூரி தானே நடத்தும் திட்டத்தில் இதைத் தவிர்க்கலாம். ஒரு கட்டுரை, ஒரு நேர்காணல், வகுப்பாசிரியரின் ஒரு சொல் ஆகியவற்றை வைத்தும் சேர்க்கலாம். இரண்டாம் ஆண்டிலும் கதவைத் திறந்து வைக்கலாம். மேட்டுக்குடித்தனத்துக்கு மருந்து வாயிலை அகலமாக்குவதுதான். திட்டத்தையே மூடிவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பயிற்சியை வெளியே காசு கொடுத்துப் பெறுவார்கள்; மற்றவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தில் ஒரே ஒரு துறையில், ஒரே ஓர் ஆசிரியரின் பாடவேளையை மூன்று மணிநேரம் குறைத்துக் கொடுங்கள். எட்டு மாணவர்களை அவரிடம் ஒப்படையுங்கள். பருவ முடிவில் அவர்கள் எழுதியதை வெளியூர் ஆசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆனர்ஸ் திட்டம் அங்கேதான் தொடங்குகிறது.