மடிக்கணினிக்குள் இன்னொரு வட்டுக்கு இடம் உண்டா?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வார இறுதிகளில் திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். மடிக்கணினியின் 512 ஜிபி வட்டு நிறைந்துவிட்டதால், வெளியே ஒரு வட்டைக் கேபிளில் மாட்டி வேலை செய்கிறாராம். போன மாதம் ஒரு மண்டபத்தில் படங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கால் தடுக்கிக் கேபிள் கழன்றுவிட்டது. "தாலி கட்டிய படமெல்லாம் போச்சு என்றே நினைத்தேன். நல்ல வேளை, கேமரா கார்டை இன்னும் அழிக்கவில்லை. மடிக்கணினிக்குள்ளேயே இன்னொரு வட்டைப் பொருத்த முடியுமா?" என்று கேட்கிறார்.

பல கணினிகளில் முடியும். ஆனால் லோயாட் பிளாசாவுக்கோ சிம் லிம் ஸ்குவேருக்கோ வண்டியை எடுப்பதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். மடிக்கணினியைத் திருப்பி, அடியில் இருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல், எச்பி, லெனோவோ போன்றவை தங்கள் கணினிகளின் பழுதுபார்ப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்தத் திருகை முதலில் கழற்றுவது, வட்டுக்கு எத்தனை இடம் இருக்கிறது என்பதெல்லாம் படத்துடன் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஒரே கையேடு பல வகைகளுக்கும் பொதுவாக இருக்கும். படத்தில் இருக்கும் இரண்டாவது துளை, விலை குறைந்த வகையின் பலகையில் பற்றவைக்கப்படாமல் வெறும் அடையாளமாக மட்டும் இருக்கலாம். சில மாதிரிகளில் சிறிய பேட்டரி போட்டால் வட்டுக்கு இடம் கிடைக்கும், பெரிய பேட்டரி போட்டால் அந்த இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அதனால் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

இப்போது வரும் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எம்.2 துளை. சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய வட்டு அதில் செருகும். அதன் மேல் 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. இரண்டாவது துளை பல கணினிகளில் குட்டையானதற்கு மட்டுமே இடம் தரும். மிக மெல்லிய கணினி என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: பட்டையின் இரண்டு பக்கமும் சில்லுகள் உள்ள வட்டு உள்ளே போகாமல் முட்டலாம்.

அளவு சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு எம்.2 வட்டை வாங்கி வந்து மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது, திருகும் இறுகியது, கணினி மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மாலை முழுக்கக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: நான் வாங்கியது சாட்டா வகை, துளையோ என்விஎம்இ வகைக்கு மட்டுமானது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தங்க நிற முனையில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. வேகத்திலும் நிறைய வித்தியாசம் உண்டு. சாட்டா நொடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். சாதாரண என்விஎம்இ 3,000ஐத் தாண்டும். கூடவே அந்தச் சின்னத் திருகையும் கடையில் கேட்டு வாங்குங்கள். அரிசி அளவுதான் இருக்கும், அது இல்லாவிட்டால் வட்டு தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். 2011இல் வந்த திங்க்பேட் டி420இல் மூன்று வட்டுகள் வரை போடலாம். வழக்கமான இடத்தில் 2.5 அங்குல வட்டு ஒன்று. கைப்பேசி சிம் இணைப்பு அட்டைக்கான துளையில் எம்சாட்டா வட்டு ஒன்று. டிவிடி இயக்கியை உருவிவிட்டு, அதே அளவுள்ள ஒரு சட்டத்தில் வைத்து இன்னொன்று. முதல் இடத்தில் முழு வேகம் கிடைக்கும், எம்சாட்டா துளையில் அதில் பாதிதான். ஆகவே விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியை முதல் இடத்தில் வைத்து, படங்களை மற்றவற்றில் போடுவது நல்லது.

டிவிடி சட்டம் வாங்குகிறவர்கள் தடிமனை அளந்து வாங்குங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் உண்டு, ஒன்று மற்றதில் போகாது. வட்டுகளிலும் 9.5, 7 என்று தடிமன் வேறுபடும். டிவிடியை இன்று யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். என் வீட்டில் அப்பா பார்க்கிறார், அதனால் அவர் கணினியில் நான் கை வைக்கவில்லை.

ஆப்பிள் சில்லு கொண்ட மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே வழியில்லை, வட்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வெளி எஸ்எஸ்டிதான் கதி. கேபிள் குட்டையாக இருக்கட்டும்.

திறப்பதற்கு முன் இரண்டு வேலைகள். விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். பழைய வட்டை வேறு இடத்துக்கு மாற்றினாலோ, பயாஸில் எதையாவது தொட்டாலோ 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். பிறகு, உள்ளே கை வைத்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். புதிய வட்டை மாட்டிய பின் "என் கணினி"யில் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஒருமுறை அதைத் தயார் செய்தால் வந்துவிடும்.

கிள்ளான் வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மச்சானும் இப்படித்தான் இரண்டாவது வட்டு போட்டார். முதல் வட்டில் உள்ள படங்களை இரண்டாவதிலும் நகல் எடுத்து வைத்து, இனிக் கவலையில்லை என்றார். ஈப்போ போகும் வழியில் ஓய்வுத்தளத்தில் காரை நிறுத்திச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்தபோது, கண்ணாடி உடைந்திருந்தது, பை இல்லை. இரண்டு வட்டுகளும் ஒரே பைக்குள்தான் இருந்தன. காலமாகிவிட்ட என் மாமியார் பேரனுக்குச் சோறூட்டும் காணொளி ஒன்று அதில் இருந்தது. யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோமா என்று குடும்பமே தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை.

ஆகவே உள்ளே போடும் வட்டை வேலை செய்யும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருமணம் முடிந்து வீடு திரும்பியதும் மேசை இழுப்பறையில் இருக்கும் ஒரு வெளி வட்டில் இன்னொரு நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே கேமரா கார்டை அழியுங்கள். உங்கள் கடிதத்தில் கணினியின் மாதிரி எண்ணை எழுதவில்லை. அனுப்பி வைத்தால், இரண்டாவது துளை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.