கணிதத்துக்கு மறுக்கப்படும் மூன்று வாரங்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைகளின் தாமதத்தால் பல்கலைக்கழக வாசலில் தேங்கிய மாணவர் அணிகளை விரைந்து உள்வாங்கி விரைந்து வெளியேற்ற வேண்டும் என்பது, கொரோனாவுக்குப் பின் வந்த எல்லா ஆட்சியாளரும் ஒரே குரலில் சொல்லும் வாக்கியமாகிவிட்டது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலும் 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியிலும் நடந்த நாட்டில் இந்த அவசரம் நியாயமானதே. ஆனால் அதற்கான விலையை எவர் செலுத்துகிறார் என்பதை எவரும் கேட்பதில்லை. இரண்டு அரையாண்டுகளுக்கு இடையே இருந்த விடுமுறை கரைக்கப்படும்போது மாணவர்கள் ஓய்வை இழக்கிறார்கள். விரிவுரையாளர்களோ ஆராய்ச்சிக்கென்று எஞ்சியிருந்த ஒரே காலத்தை இழக்கிறார்கள்.

இந்த இழப்பு எல்லாத் துறைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. ஆய்வுகூடத் துறைகளில் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வரக்கூடிய வேலை சிறிதாவது உண்டு. கணிதத்திலோ வேலை முழுவதும் சிந்திப்பவரின் தலைக்குள்ளேயே நடப்பதால், நிறுவல் ஒன்றின் ஐந்தாறு படிகளை ஒருசேர மனத்தில் ஏந்தியிருக்கும் நிலையில் கதவு தட்டப்பட்டால், மறுநாள் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். முப்பது நாட்களில் கிடைக்கும் முப்பது ஒருமணிநேரத் துண்டுகள் கணிதத்தில் முப்பது மணிநேரம் ஆவதில்லை. இதனுடன் விடைத்தாள் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். நூற்றைம்பது மாணவர் எழுதிய ஒரு வினாத்தாளை, தாளுக்கு இருபது நிமிடம் என்று திருத்தினால் 50 மணிநேரம் செல்லும். சக விரிவுரையாளரின் தாள்களுக்கு இரண்டாம் பரீட்சகராக இருக்கும்போது அதே அளவு நேரம் மறுபடியும் செல்லும். இவ்வாறு ஒரு பாடம் மட்டுமே இரண்டரை வேலை வாரங்களை விழுங்கிவிடுகிறது. பொறியியல், தொழினுட்பம், வணிகம் என்று எந்தப் பீடம் தொடங்கப்பட்டாலும் முதலாம் ஆண்டிலேயே கணிதமோ புள்ளிவிபரவியலோ கற்பிக்கப்பட வேண்டியிருப்பதால், இந்தச் சுமை கணிதக்காரரின் தோளிலேயே ஏறுகிறது.

வன்னியில் இந்த நிலை இன்னும் இறுக்கமானது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உருப்பெற்று, 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. நாளைய கணித ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி வவுனியாப் பூந்தோட்டத்தில் உள்ளது. இந்த மூன்று இடங்களிலும் கணிதம் கற்பிப்போர் சிதறிக் கிடக்கிறார்கள். எண்கோட்பாட்டில் ஈடுபாடுள்ள ஒருவருக்குப் பேச்சுத்துணையாகக்கூடியவர் அடுத்த அறையில் இருப்பதில்லை, பேருந்தில் ஒரு மணிநேரத்துக்கும் அப்பால் இருக்கிறார்; அந்தப் பயணத்தை வேலைநாளில் மேற்கொள்ள எவருக்கும் ஒழிவில்லை.

இதற்குரிய மருந்தை உலகம் கண்டுபிடித்து நெடுங்காலமாகிறது. ஆராய்ச்சி உறைவிடம் எனப்படுவது, நான்கு முதல் ஆறு கணிதவியலாளர்களை ஒரு வாரத்துக்கோ மூன்று வாரங்களுக்கோ ஓரிடத்தில் தங்கவைத்து, உணவும் கரும்பலகையும் கொடுத்து, கற்பித்தலிலிருந்தும் நிருவாகத்திலிருந்தும் முற்றாக விடுவித்து, ஒரே வினாவில் கூட்டாக உழைக்கவிடும் ஏற்பாடாகும். ஜேர்மனியின் கருங்காட்டில் 1944இல் தொடங்கிய ஓபர்வொல்ஃபாக் நிலையத்தில், ஒவ்வொரு வேளை உணவுக்கும் பெயரிட்ட துடைப்புத்துணி உறைகளை மேசைகளில் இடம்மாற்றி வைத்து, பழகாத இருவரை அருகருகே அமரவைக்கிறார்கள். அமெரிக்கக் கணிதவியல் நிறுவகம் சிறு குழுக்களை ஆண்டுக்கு ஒரு வாரமாக மூன்று ஆண்டுகள் வரை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. இளமாணி வகுப்புகளைக் கற்பிப்பதிலேயே காலம் முழுவதும் செலவாகும் ஆசிரியர்களுக்கென்றே தனித்திட்டமொன்றையும் அது நடத்தி வந்துள்ளது. அந்த நாட்டிலேயே அப்படியொரு தேவை உணரப்பட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஆயினும் வன்னிக்கு நெருக்கமான உதாரணம் லாகூரில் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜில் பயின்று பெயர் பெற்ற இயற்பியலாளர் அப்துஸ் சலாம், 1951இல் தம் நாடான பாகிஸ்தானுக்குத் திரும்பி லாகூர் அரசினர் கல்லூரியில் கணிதத் துறைக்குப் பொறுப்பேற்றார். ஆராய்ச்சியை மறந்துவிடும்படியும், விடுதிக் கண்காணிப்பு, கணக்குப் பொறுப்பு, உதைபந்தாட்டக் கழகம் என்ற மூன்றில் ஒன்றை ஏற்கும்படியும் சொல்லப்பட்டபோது அவர் உதைபந்தாட்டத்தைத் தெரிவுசெய்தார். இயற்பியலாளர் பவுலி பம்பாய்க்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, விடுப்பு அனுமதிக்குக் காத்திராமல் அவரைக் காணச் சென்றமைக்காகச் சலாமிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பேச ஆளில்லாத அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல் 1954இல் அவர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். பத்தாண்டுகள் கழித்து, 1964இல் இத்தாலியின் திரியெஸ்ட் நகரில் கோட்பாட்டு இயற்பியலுக்கான சர்வதேச நிலையத்தை அவர் நிறுவியபோது, அதன் இதயமாக அமைந்தது இணையாளர் திட்டம். வளர்முக நாடொன்றின் விரிவுரையாளர், தம் பதவியை விடாமலே, சில ஆண்டுகளுக்குள் பல தடவை அங்கே சென்று சில வாரங்கள் தங்கி ஆராய்ந்துவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பலாம் என்பதே அது. நோபல் பரிசு 1979இல் வந்தது. எனினும், தாம் பட்ட தனிமையை இன்னொருவர் படக்கூடாது என்று ஒரு நிறுவனத்தையே கட்டியெழுப்பியதுதான் சலாமின் பெரிய சாதனை என்று கொள்ளத் தகும்.

இலங்கை சலாம்களைத் தொடர்ந்து அனுப்பிவைக்கும் நாடாகவே இருந்து வந்துள்ளது. இயற்பியலாளர் டிராக்கிடம் பயின்று, 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரான சி. ஜே. எலியேசர், பத்தாண்டுகளில் மலாயாவுக்கும் பின்னர் மெல்பேணுக்கும் சென்றுவிட்டார். நாட்டிலேயே தங்கிய விரிவுரையாளர்களோ 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி மூன்று மாதங்களுக்கு மேல் பணியைப் புறக்கணித்தார்கள். அந்தக் கோரிக்கை சரியானது. ஆனால் நேரம் அதன் முழக்கமாகவில்லை. அதன் பின்னரும் வாக்குவாதம் கொடுப்பனவைச் சுற்றியே நடக்கிறது. சம்பளத்துடன் ஆராய்ச்சிக் கொடுப்பனவை வழங்கிக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் நாட்களைப் பிடுங்குவது, உழவனுக்கு விதைநெல்லைக் கொடுத்துவிட்டு வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

ஏழாண்டுச் சேவைக்குப் பின் ஓராண்டு விடுப்பு இருக்கிறதே என்று சொல்வோர், ஏழாண்டுகள் எழுதாத கை எட்டாம் ஆண்டில் எழுதும் என்று நம்புகிறவர்கள். சூமில் கூடலாமே என்போர், ஒரு கரும்பலகையின் முன் மூவர் நின்று ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துத் திருத்தும் காட்சியைக் கண்டிராதவர்கள். முல்லைத்தீவுப் பாடசாலைகளில் இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியரைத் தேடும் நிலையில் ஆராய்ச்சி ஆடம்பரம் என்ற வாதமே மிகவும் தீங்கானது. போரில் எல்லாவற்றையும் இழந்த பிரதேசத்துக்கு அடிப்படை மட்டும் போதும் என்று தீர்மானிக்கும் இந்த இரக்கம், இழந்தவரை இழந்தவராகவே வைத்திருக்கிறது. தான் விளங்கிக்கொண்டிருக்கும் கணிதத்தின் எல்லையைத் தொடும் ஆசிரியரிடம் கற்ற மாணவரே நல்ல ஆசிரியராகிறார். அவ்வாறு தொடப்படும் கணிதம் குளத்து நீருக்கோ நோய்ப் பரவலுக்கோ பயன்பட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் தேவையற்றது.

செலவைப் பார்த்தால் எதிர்ப்பு இன்னும் வெளிறிப்போகிறது. ஆறு பேர் மூன்று வாரம் தங்கினால் 126 ஆள்நாட்கள். அவற்றுக்கான உணவும் உறைவிடமும் போக வேண்டியவை சுண்ணக்கட்டியும் ஒரு பெரிய பலகையுமே. இரசாயனமும் வேண்டாம், இறக்குமதிக் கருவியும் வேண்டாம். பாடசாலைகளுக்கும் விடுமுறை வரும் ஓகஸ்டில், சோளகம் வீசும் வெயிற்காலத்தில், பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் ஒதுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களிலிருந்து நால்வரும் கல்வியியற் கல்லூரியிலிருந்து ஒருவரும் வர, குழுவை வழிநடத்தும் ஆறாமவர் பேராதனையிலிருந்து வரலாம். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் பறக்கும் இந்நாளில், தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலிருந்தும் வரலாம். மூன்று ஆண்டுகள் அதே ஆறு பேர் மீண்டும் கூட வேண்டும். அந்த மூன்று வாரங்களில் பரீட்சைக் கடமையோ கூட்டமோ அவர்களில் எவருக்கும் விதிக்கப்படாது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சுற்றறிக்கை ஒன்றை வெளியிட வேண்டும். அது வெளிவந்தால் பத்தாண்டுகளுக்குள் வன்னியிலிருந்து ஒரு கணிதப் பள்ளி எழும். வெளிவராவிட்டால், இன்று பம்பைமடுவில் விடைத்தாள் கட்டுகளுடன் இருக்கும் இளம் விரிவுரையாளர்களில் சிறந்தவர்கள் அதற்குள் மெல்பேணிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள்.