கொட்டும் தேனீ, கொட்டாத தேனீ

பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம். இடுக்கி மாவட்டத்தில் மறையூர், சின்னார். மூன்றும் ஆனைமலைத் தொடரைச் சேர்ந்த காடுகள். மூன்றிலும் தேன் உண்டு. அதைச் சேர்க்கும் பூச்சிகள்தான் ஒன்றுக்கொன்று எதிரெதிர்.

இந்தக் காட்டுத் தேனீக்களில் பெரியது மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ திறந்தவெளியில் ஒரே ஓர் அடை கட்டும். அதன் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. சீண்டினால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். பூக்காலம் முடிந்தால் மொத்தக் குடும்பமும் இடம்பெயரும்.

கொசுத்தேனீயின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். கொடுக்கு பெயரளவுக்கே; கொட்டாது. மரப்பொந்தில் குடியேறினால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாசம். மெழுகும் பிசினும் குழைத்துச் சிறு கலயங்கள் செய்து அவற்றில் தேன் சேமிக்கும். கிடைப்பது கொஞ்சம். ஆனால் லேசாகப் புளிக்கும் அந்தத் தேனுக்கு நாட்டு மருத்துவத்தில் தனி மவுசு.

பரம்பிக்குளத்தில் காடர்களும் மறையூர்ப் பக்கம் முதுவர்களும் தலைமுறைகளாகத் தேன் எடுப்பவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள்களாக ஏற்று, பழங்குடியினருக்கு அவற்றின் மீது உரிமை தந்தது.

அந்த உரிமை பலன் தர மரங்கள் நிற்க வேண்டும். மலைத்தேனீக்கு ஓங்கி வளர்ந்த மரம். கொசுத்தேனீக்குப் பொந்து விழுந்த கிழட்டு மரம். பட்ட மரம்தானே என்று கோடாலி வைத்தால் அதிகம் பாதிக்கப்படுவது இந்தச் சின்னதுதான். மலைத்தேனீ ராணியோடு பறந்து வேறிடம் தேடிக்கொள்ளும். கொசுத்தேனீயின் ராணியோ முட்டையிடத் தொடங்கிவிட்டால் வயிறு பருத்து, பறக்கவே முடியாது.